ஒரே ராத்திரியில் நான்கு மீன் செத்தது எதனால்?

மே 18, காலை 7.52. கேள்வி

"அண்ணா, கோவையிலிருந்து எழுதுகிறேன். மூன்றடி கடல்நீர்த் தொட்டி, ஒன்றரை வருடமாக ஓடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு லைட்டை அணைக்கும்போது எல்லாம் சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்தன, தீனியும் எடுத்தன. காலை ஆறரைக்குப் பார்த்தால் ப்ளூ டேங், ஃபாக்ஸ்ஃபேஸ், க்ரோமிஸ் இரண்டு, நான்கும் காலி. க்ளௌன் ஜோடி மட்டும் பிழைத்திருக்கிறது. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்பு 1.025. ஃபாக்ஸ்ஃபேஸ் போன வாரம் வாங்கியது. கடைக்காரர் வெல்வெட் நோயோடு தலையில் கட்டிவிட்டார் என்பது என் சந்தேகம். காப்பர் மருந்து ஊற்றலாமா? அவசரம்."

மே 18, காலை 8.10

ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். காப்பரைப் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொட்டியில் இறால், நண்டு, நத்தை இருந்தால் அவை முதலில் போகும். அப்புறம் அந்தப் பாறையை நம்பி எதையும் விட முடியாது. நோய் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டாலும் மருந்து தனித் தொட்டியில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: வீட்டில் இருக்கிற ஏர் பம்ப் எல்லாவற்றையும் போடுங்கள். மேலே கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். வேவ் மேக்கரை (தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டார்) மேல்மட்டம் கலங்குகிற மாதிரித் திருப்புங்கள்.

செத்த ஃபாக்ஸ்ஃபேஸைக் கையால் தொடாதீர்கள். நம் கடலோரத்தில் ஓரா என்கிறார்களே, அந்த இனம். முதுகு முள்ளில் விஷம், செத்த பிறகும் குத்தும். வலையில் எடுத்தால் முள் சிக்கிக்கொள்ளும், அதனால் ஒரு டப்பாவால் அள்ளுங்கள். குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி குறையும். வலி ஏறினாலோ வீங்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். ப்ளூ டேங் மீனுக்கு வாலடியில் கத்தி மாதிரி முள் உண்டு, அதுவும் ஞாபகம்.

மீன்களை எறிய வேண்டாம். கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் செவுள் சிதைந்துவிடும். வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள், மதியம் குழம்பாகிவிடப் போகிறது.

மே 18, காலை 8.31

இன்னும் நாலு விவரம் வேண்டும். பிஎச் எவ்வளவு? க்ளௌன் தவிர வேறு எவை உயிரோடு இருக்கின்றன, இந்த நிமிடம் எங்கே நிற்கின்றன? அழுகின முட்டை வாடை வருகிறதா? கடைசி மூன்று நாளில் தொட்டிக்குள் என்னென்ன போனது?

மீன் செத்தால் எல்லோரும் செத்ததையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உயிரோடு இருப்பவற்றைப் பற்றித்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு விஷமும் ஒவ்வொரு வரிசையில் கொல்லும். பூச்சிமருந்து என்றால் இறால் முந்தும், மீன் பின்னால். காப்பரும் அப்படியே. தோல், செவுள் ஒட்டுண்ணி என்றால் மீன் மட்டும் சாகும், இறாலுக்கு ஒன்றும் ஆகாது. மூச்சு முட்டல் என்றால் பெரிய மீன், ஓயாமல் நீந்துகிற மீன் முதலில், சின்னதும் சோம்பேறியும் கடைசியில்.

மே 18, காலை 11.20

பதில் வந்தது, சுருக்கமாகத் தருகிறேன். க்ளீனர் இறால் உயிரோடு இருக்கிறது, பாறையின் உச்சியில் ஏறி நிற்கிறது. ஹெர்மிட் நண்டுகளும் பிழைத்திருக்கின்றன. நத்தை அத்தனையும் கண்ணாடியில் ஏறித் தண்ணீர்க் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. க்ளௌன் இரண்டும் மேல் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, ஏர் பம்ப் போட்டு அரைமணியில் கீழே இறங்கிவிட்டன. காலை ஏழு மணி பிஎச் 7.7, வழக்கமாகக் காலையில் 8.0. முட்டை வாடை இல்லை.

இதைப் படித்ததும் வெல்வெட் என் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. நோயாக இருந்தால் ஏர் பம்ப் போட்ட அரைமணியில் மீன் இப்படித் தெளியாது. நத்தை தண்ணீர்க் கோட்டுக்கு ஏறுவதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை.

மே 18, காலை 11.48

வெல்வெட்டை ஏன் முழுக்கத் தள்ளவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அமைலூடினியம் என்கிற ஒட்டுண்ணி. செவுளில் ஒட்டி உறிஞ்சும், உதிர்ந்து கீழே போய்க் கூடு கட்டும், ஒரு கூட்டுக்குள் 256 குஞ்சு வரை பிளந்து வெளியே வரும். அதனால்தான் திடீரென்று வந்த மாதிரி இருக்கும். உடம்பில் பொடி தூவினது போல் தெரிவதற்கு முன்பே செவுள் போயிருக்கும். போன வாரம் தனியாக வைக்காமல் நேரே விட்ட புது மீன் வேறு இருக்கிறது. சந்தேகப்பட்டது தப்பே இல்லை.

ஆனால் வெல்வெட் முதல்நாளே ஜாடை காட்டும். என் பழைய தொட்டியில் வந்தபோது டாம்செல் ஒன்று வேவ் மேக்கர் வாயில் போய் எதிர்நீச்சலில் நின்றது, இரண்டு நாள் நகரவே இல்லை. லைட் போட்டால் பாறைக்குள் ஓடும், தீனியை வாயில் வாங்கித் துப்பும். ஒரு காலைக்கு ஒன்று என்று செத்தன. ராத்திரி பதினொன்றுக்கு நன்றாகச் சாப்பிட்ட நாலு மீன் விடிவதற்குள் ஒரேயடியாகப் போவது அந்த நடை இல்லை.

மே 18, மதியம் 1.15

கொசு மருந்தாக இருக்குமா என்று இன்னொருவர் கேட்கிறார். இறால் பிழைத்திருக்கிறது, அதனால் இல்லை. கொசுவத்தி, ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கே ஆகாது, இறாலுக்கு அதைவிட மோசம். எங்கள் கீழ்வீட்டில் ஒருமுறை கரப்பான் மருந்து அடித்தார்கள். வாடை ஜன்னல் வழியே வந்தது, ஏர் பம்ப் அதையே உறிஞ்சித் தொட்டிக்குள் ஊதிவிட்டது. மீன் எல்லாம் ஒன்றும் நடக்காதது போல் சுற்றிக்கொண்டிருக்க, இறால் மல்லாந்து கிடந்து கால்களை மட்டும் உதறிக்கொண்டிருந்தது. மூக்கில் வாடை பட்டால் உடனே ஏர் பம்ப்பை அணைத்து, தண்ணீரை வேவ் மேக்கரால் கலக்கி, கார்பன் போடுங்கள்.

ஹீட்டரில் கரண்ட் கசிந்திருக்கும் என்கிறார் வேறொருவர். கோவையில் மே மாதத்தில் ஹீட்டர் எதற்கு? தண்ணீர் 31 டிகிரியாம். அது இருக்கட்டும், கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள், மீனுக்காக இல்லை, கையை விடுகிற உங்களுக்காக.

கடல் அட்டை செத்து விஷம் கக்கியிருக்குமா என்று கேட்டவருக்கு: கக்கும், தொட்டியையே காலி செய்யும். ஆனால் இந்தியாவில் கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, வீட்டில் வைத்திருந்தால் மீன் சாவது உங்கள் சின்னக் கவலை.

மே 18, மாலை 5.40

போட்டோக்கள் வந்தன. ப்ளூ டேங் மீனின் வாய் அகலத் திறந்திருக்கிறது, செவுள்மூடி இரண்டும் விரிந்து அப்படியே நின்றுவிட்டது. ஃபாக்ஸ்ஃபேஸும் அதே. உடம்பில் புண் இல்லை, சளி உரியவில்லை, கண்ணில் மங்கல் இல்லை. கடைசி மூச்சுக்குத் திணறிய மீன் இப்படித்தான் விறைக்கும். இது தனியாகச் சாட்சி ஆகாது, செவுள் நோயில் செத்தாலும் கிட்டத்தட்ட இதே கோலம்தான். செவுள் நிறத்தை வைத்து நானே ஒன்றும் சொல்ல மாட்டேன், 31 டிகிரித் தண்ணீரில் சில மணி நேரம் கிடந்தால் எந்தச் செவுளும் வெளுத்துவிடும்.

கேள்வி கேட்ட தம்பியின் சித்தி மகள் விலங்கியல் படிக்கிறாராம், கல்லூரியில் மைக்ராஸ்கோப் உண்டாம். நல்லதாகப் போயிற்று. செவுளின் ஓரத்தில் நகம் அளவுக்கு வெட்டி, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மேலே கண்ணாடி வைத்து நூறு மடங்கில் பாருங்கள். வெல்வெட் என்றால் இழைகளுக்கு நடுவில் பழுப்பாக, முட்டை வடிவத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்: கோடை மழை, காற்று, ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

மே 18, இரவு 9.05

கரண்ட் போயிற்று, மீன் செத்தது, கதை முடிந்தது என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். எனக்குக் கணக்கு உதைக்கிறது.

3 × 1.5 × 1.5 அடி என்றால் விளிம்பு வரை 190 லிட்டர். பாறை, மணல், மேலே விட்ட இடம் போக 150 வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் கடல்நீர் பிடித்துவைக்கிற ஆக்சிஜன் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் அளவுதான். அதே சூட்டில் நல்ல தண்ணீர் ஏழரை பிடிக்கும், கோல்டு ஃபிஷ்காரர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆக மொத்தத் தொட்டியின் கையிருப்பு ஒரு கிராமுக்கும் கீழே, 0.93.

ஆறு மீனும் சேர்ந்து 200 கிராம் தாண்டாது. இருட்டில் ஓய்ந்திருக்கும் மீன் கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் எடுத்தாலும் இவை மூன்று மணியில் 0.18 கிராம்தான் எடுத்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு. பாறைக்குள் இருக்கிற பாக்டீரியாவும் பாசியும் இருட்டில் மூச்சு விடும், அதற்கு இன்னொரு பங்கு கொடுங்கள். இருந்தும் நாலு மீன் சாகிற அளவுக்குக் காலியாகாது. மூன்று மணி நேரம் கரண்ட் போனாலே மீன் சாகும் என்றால் தமிழ்நாட்டில் கடல்நீர்த் தொட்டியே மிஞ்சியிருக்காது.

வேறு யாரோ குடித்திருக்கிறார்கள். தம்பி, மூன்று நாளில் உள்ளே என்ன போனது என்று காலையில் கேட்டேன், அதற்கு மட்டும் பதில் இல்லை.

மே 18, இரவு 10.32

பதில் வந்தது. அப்படியே தருகிறேன்: "நைட்ரேட் 40-க்கு மேல் இருந்தது அண்ணா. ஒரு வீடியோவில் வோட்கா ஊற்றினால் குறையும் என்று சொன்னார்கள். 16-ம் தேதியும் 17-ம் தேதியும் சாயங்காலம் ஒரு மூடி ஊற்றினேன். ஸ்கிம்மர் நுரை தள்ளித் தரையெல்லாம் வழிந்தது, அதனால் நேற்று மாலை அணைத்து வைத்தேன். ராத்திரி தண்ணீர் லேசாகப் பால் மாதிரி இருந்தது, மணல் கிளறினதால் என்று நினைத்தேன்."

குடித்தது யாரென்று தெரிந்துவிட்டது.

மே 18, இரவு 11.10

சிரிக்காதீர்கள், வோட்கா முறை நிஜமானதுதான். ஆல்கஹாலைத் தின்று பாக்டீரியா பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் எடுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளும். ஸ்கிம்மர் இல்லாமல் இந்த வேலையே கிடையாது. தள்ளுவதோடு, இதுபோன்ற தொட்டிகளில் காற்றைக் கலக்குவதும் பெரும்பாலும் அதுதான்.

ஆரம்ப அளவு நூறு லிட்டருக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லி. இன்சுலின் சிரிஞ்சில் அளப்பார்கள். இந்தத் தொட்டிக்கு 0.15. ஒரு மூடி என்றால் 5 மில்லியாவது இருக்கும்.

நம் ஊர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 5 மில்லியில் 2.1 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 1.7 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலை முழுக்க எரிக்க 2.1 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு மூடிக்கு 3.5 கிராம். தொட்டியில் இருப்பது 0.93! பாதியைப் பாக்டீரியா உடம்பாக்கிக்கொள்ளும் என்று கழித்தாலும் கையிருப்பைப் போல இரண்டு மடங்கு வருகிறது. அதுவும் இரண்டு நாள் ஊற்றியிருக்கிறார்.

பகலில் ஸ்கிம்மரும் வேவ் மேக்கரும் ஓடியவரை காற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது, செலவும் ஆகிக்கொண்டே இருந்தது, வெளியே தெரியவில்லை. சாயங்காலம் ஸ்கிம்மர் நின்றது. லைட் அணைந்தது, பாசி ஆக்சிஜன் தருவது நின்றது. மேலே கண்ணாடி மூடி. இரண்டு மணிக்கு வேவ் மேக்கரும் நின்றது. அப்போது தண்ணீர் முழுக்கப் பாக்டீரியா, பாலாகத் தெரிகிற அளவுக்கு. மூன்று மணி நேரமெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

மீன் போதையில் செத்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. 150 லிட்டரில் அந்த அளவு ஆல்கஹால் கொசுவுக்குக்கூடக் காணாது.

மே 19, காலை 7.25

படுத்த பிறகு ஒரு சந்தேகம். பிஎச் 7.7 என்பதை நான் கொஞ்சம் வேகமாக எடுத்துக்கொண்டேனோ என்று. பாக்டீரியாவும் மீனும் விடுகிற கரியமில வாயு பிஎச்சைக் குறைக்கும், சரி. ஆனால் ஜன்னல் மூடிய ஏசி அறையில் ஆட்கள் விடுகிற மூச்சே குறைத்துவிடும். தம்பி, தொட்டி ஏசி அறையில் இருக்கிறதா?

மே 19, காலை 9.50

ஹாலில் இருக்கிறதாம், ஏசி இல்லை, ஜன்னல் திறந்தே இருக்குமாம். நேற்று மதியமே பிஎச் 8.1-க்கு வந்துவிட்டதாம், காற்றைத் தவிர எதுவும் சேர்க்காமல். அப்படியானால் கரியமில வாயு ராத்திரியில் தொட்டிக்குள்ளேயே சேர்ந்ததுதான். அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அமோனியா பூஜ்யம் என்பதும் இப்போது ஒத்துப்போகிறது. கடல்நீர் பிஎச்சில் மொத்த அமோனியாவில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விஷ வடிவில் இருக்கும், நல்ல தண்ணீர்த் தொட்டிகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அமோனியா கொன்றிருந்தால் காலையில் கிட்டில் பச்சை தெரியாமல் போகாது. நாலு மீன் கிடந்ததால் இனிமேல் ஏறலாம், இந்த வாரம் தினமும் பாருங்கள்.

மே 20, மாலை 6.15

செவுள் பார்த்தாயிற்று. பழுப்பு உருண்டை எதுவும் இல்லையாம். தங்கச்சிக்கு நன்றி, ஃபாக்ஸ்ஃபேஸ் முள்ளை முதலில் கத்தரித்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார், கெட்டிக்காரி.

ஆனால் இதை வைத்து வெல்வெட் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். மீன் செத்த சில மணிகளில் அந்த ஒட்டுண்ணி உதிர்ந்து போய்விடும், ஃப்ரிட்ஜில் இருந்த செவுளில் இல்லாததால் உயிரோடு இருந்தபோதும் இல்லை என்று ஆகாது. க்ளௌன் ஜோடிதான் இனிச் சொல்ல வேண்டும். க்ளௌனுக்கு வெல்வெட் நன்றாகவே பிடிக்கும். மூச்சு வேகம், லைட்டுக்குப் பயம், தீனியைத் துப்புவது, இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கடைக்காரரை அதுவரை திட்ட வேண்டாம்.

மே 21, இரவு 8.40

மூடியை சிரிஞ்சால் அளந்து பார்த்தாராம், 5 இல்லை, 7 மில்லி. என் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்: ஒரு மூடிக்கு 4.9 கிராம் ஆக்சிஜன், இரண்டு நாளைக்கும் சேர்த்துப் பத்துக்குக் கொஞ்சம் கீழே. சொன்ன அளவைப் போல நாற்பது மடங்குக்கும் மேல் போயிருக்கிறது. க்ளௌன் எப்படிப் பிழைத்தது என்பதுதான் இப்போது எனக்கு ஆச்சரியம். மேல் மூலையில் காற்றை ஒட்டினாற்போலிருக்கும் மெல்லிய தண்ணீரை வாயால் உறிஞ்சிக்கொண்டு நின்றிருக்கும். ப்ளூ டேங்குக்கு அந்தப் பொறுமை கிடையாது, நாளெல்லாம் ஓடுகிற மீன்.

டாஸ்மாக் வோட்காவில் வேறு வாசனை சேர்த்திருப்பார்களே என்று ஒருவர். சாதா வோட்கா என்றால் பிரச்சினை இல்லை. ஆரஞ்சு, ஆப்பிள் என்று போட்டதை ஊற்றாதீர்கள், அதில் சர்க்கரை வேறு இருக்கும்.

மே 23, இரவு 9.30

பேச்சு எங்கேயோ போகிறது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற பவளப் பாறை) கொண்டுவரலாமா, பாக்டீரியா நிலையாக இருக்குமே என்று ஒரு கேள்வி. கூடாது. பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த பவளப் பாறையும் சேர்த்துத்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவே அறிவித்திருக்கிறார்கள். செயற்கைப் பாறையை வாங்கி, நிதானமாகப் பாக்டீரியா ஏற்றுங்கள்.

க்ளௌன் எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு: பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் இருக்கிற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன நிலையத்தில் க்ளௌனைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், அப்படி வளர்ந்த குஞ்சு தொட்டித் தீனிக்குப் பழகியே வரும். சென்னைக்காரர்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டால் எது பண்ணை, எது கடல் என்று சொல்லிவிடுவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மே 27, காலை 8.05

நைட்ரேட் இன்னும் 40 அப்படியே இருக்கிறதே, வோட்காவைச் சரியான அளவில் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று தம்பி கேட்கிறார்!

மூன்றடித் தொட்டியில் டேங்கும் ஃபாக்ஸ்ஃபேஸும் தின்றதுதான் அந்த நாற்பது. இப்போது இரண்டு க்ளௌன்தான். தீனியைக் குறையுங்கள், வாரம் இருபது லிட்டர் மாற்றுங்கள், தானாக இறங்கும். வோட்கா வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இந்தத் தொட்டிக்கு இந்தச் சமயத்தில் வேண்டாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கத்திரி வெயிலில் அந்த வேலையே எனக்குப் பிடிக்காது. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் 26-க்கு வந்த பிறகு யோசிக்கலாம்.

ஜூன் 4, இரவு 9.15

இரண்டு வாரம் தாண்டிவிட்டது. க்ளௌன் இரண்டும் தின்கின்றன, சண்டை போடுகின்றன. வெல்வெட் பட்டியலை விட்டே போயிற்று. அமோனியா ஒரு நாள் மட்டும் லேசாகக் காட்டி அடங்கியதாம்.

பேட்டரி ஏர் பம்ப் வாங்கியிருக்கிறார், கரண்ட் போனால் தானாக ஓடுகிற வகை. அதைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் பம்ப் நிற்கும்போது குழாய் வழியே தண்ணீர் பின்னால் இறங்கி வீட்டை நனைக்கும். குழாயில் ஒரு செக் வால்வும் போடுங்கள், அம்பு தொட்டியைப் பார்க்க இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ் மேக்கரை இணைக்க எலக்ட்ரீஷியன் வருகிறார் என்றால் அவரிடமே ஆர்சிசிபியையும் சொல்லிவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு ஒரு ராத்திரி, நீங்கள் விழித்திருக்கும்போதே, மெயினை அணைத்து ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஜூன் 9, காலை 7.40

புது ப்ளூ டேங் எப்போது விடலாம் என்று கேட்கிறார். அது முப்பது சென்டிமீட்டர் வளரும், உங்கள் தொட்டி தொண்ணூறு. விடக் கூடாது. கோபி ஒன்று, பெரிதாகாத ராஸ் ஒன்று பாருங்கள், ஜூலைக்கு அப்புறம். இருபது லிட்டர் வாளியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு நாலு வாரமாவது தனியாக வைத்து, அப்புறம் பெரிய தொட்டிக்கு. மிச்ச வோட்கா என்ன ஆயிற்று என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள், அதைத் தம்பிதான் சொல்ல வேண்டும்.